இரண்டு வீடு தள்ளி

கல்லூரி நுழைவுத் தேர்வை நடத்தும் அந்த அலுவலகத்தில் எல்லோரும் அவளை 'நாத்தனார்' என்றுதான் கூப்பிட்டார்கள். வாசல் காவல்காரர் கூட, "என்ன நாத்தனாரே, இன்னிக்கு லேட்டா?" என்பார். அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. அவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அவளுடைய அண்ணி அங்கே கேள்வி எழுதும் பிரிவில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். அப்பேர்ப்பட்டவருடைய கணவரின் தங்கை என்று தெரிந்த அன்றைக்கே அந்தப் பட்டம் வந்து ஒட்டிக்கொண்டது. உண்மையைச் சொன்னால் அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அண்ணியைப் பற்றிப் பெருமைப்படாமல் இருக்கவும் முடியாது. அவர் எழுதும் கேள்விகளில் யாரும் ஆப்பிள் வாங்கமாட்டார்கள். இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்து தொலைக்காது. தையல்காரர் வருவார், தச்சர் வருவார், கடிகாரம் பழுதுபார்ப்பவர் வருவார். ஆளுக்கொரு தொழிலும் ஆளுக்கொரு அவசரமும் இருக்கும். சரியான விடையை அவர் ஒரு நொடியில் எழுதிவிடுவார். தவறான மூன்று விடைகளுக்குத்தான் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார். "சரியான விடை தானா வந்துடும். தப்பான விடைக்குத்தான் மூளை வேணும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. கூட்டலில் சறுக்கிய பிள்ளை ஒரு விடையில் போய் நிற்கவேண்டும், கேள்வியைப் பாதி படித்த பிள்ளை இன்னொன்றில் நிற்கவேண்டும், படிக்காமலே குருட்டடி அடிக்கிறவனுக்கு எல்லாமே ஒரே மாதிரி தெரியவேண்டும். எந்தப் பிள்ளை எங்கே வழுக்கும் என்பதை முகத்தைப் பார்க்காமலே இப்படிக் கணித்துவைக்கிற மனுஷியை நாத்தனார் வேறெங்கும் கண்டதில்லை.

கேள்விக்குழுவின் தலைவர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அடுத்தது அண்ணிதான் என்று ஊருக்கே தெரியும். அண்ணியும் எனக்கென்ன ஆசை என்று பாசாங்கு பண்ணுகிற ரகம் இல்லை. அந்த நாற்காலி தனக்கு வேண்டும் என்று பளிச்சென்று சொல்வார். வந்ததும் என்னென்ன செய்யப்போகிறார் என்பதெல்லாம் தயாராக இருந்தது. தலைவர் அறையில் சுவரைப் பார்த்துக் கிடக்கும் மேஜையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடவேண்டும் என்பது வரைக்கும் யோசித்துவைத்திருந்தார். ஒரே ஒரு விதிதான் உண்டு. எவருடைய கேள்வி தேர்வு முடிந்தபின் ரத்தாகிறதோ அவர் அந்தக் குழுவுக்குத் தலைவராக முடியாது. அண்ணியின் கேள்வி இதுவரை ஒன்றுகூட ரத்தானதில்லை என்பதால் அந்த விதியை யாரும் நினைத்துப் பார்க்கவும் இல்லை.

நாத்தனாரின் வேலை கீழ்த்தளத்தில், மதிப்பெண் அறையில். இந்த வேலையைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒரு சித்தப்பா அவளை ஓரங்கட்டிவிடுவார். தன் பையன் பக்கத்து வீட்டுப் பெண்ணைவிட அதிகமாகச் சரியான விடை எழுதியிருக்க, அவளுக்கு எப்படி ஸ்கோர் அதிகமாக வந்தது என்று மல்லுக்கு நிற்பார். அவள் பந்தியை விட்டு எழுந்துவந்து விளக்குவாள். தேர்வு பல நாள் நடக்கிறது, ஒவ்வொரு நாளும் வேறு வினாத்தாள். எல்லாத் தாளிலும் ஒரே மாதிரியான சில கேள்விகளை ஆங்காங்கே தூவி வைத்திருப்பார்கள். அந்தப் பொதுக் கேள்விகளில் இரண்டு நாள் பிள்ளைகளும் ஒரே மாதிரி செய்து, மொத்தத்தில் மட்டும் ஒரு நாள் பிள்ளைகள் குறைந்தால், குறை பிள்ளைகளிடத்தில் இல்லை. அந்த நாள் தாள் கடினம். அதற்குத் தக்கபடி வெறும் மார்க்கை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவருவதுதான் ஸ்கோர். கடினமான தாளில் சிக்கியது ஒரு பிள்ளையின் தலையெழுத்தாகிவிடக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். சித்தப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிம்மா, அவளுக்கு எப்படி அதிகமா வந்துது?" என்பார்.

இதைவிட அவளுக்குப் பிடித்த வேலை ஒன்று உண்டு. மார்க் வெளியே போவதற்கு முன்பு பிள்ளைகளை அல்ல, கேள்விகளைத் திருத்துவது. ஒவ்வொரு கேள்வியும் அவள் முன்னால் வந்து கைகட்டி நிற்கும். மொத்தத்தில் நன்றாகச் செய்தவர்கள் ஒரு கூட்டம், நடுவாந்தரம் ஒரு கூட்டம், திணறியவர்கள் ஒரு கூட்டம் என்று பிரித்து, அந்தக் கேள்வியை யார் யார் எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்பாள். நல்ல கேள்வியாக இருந்தால் மேல்வரிசைக்காரர்கள் பெரும்பாலும் சரியாகச் செய்திருப்பார்கள், கீழே வர வர சரிவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் கூட்டமாகப் போய் ஒரே தவறான விடையில் நின்றால், அங்கே தவறு செய்தது பிள்ளைகள் இல்லை. கேள்வி எழுதியவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கேள்வியும் ஒரு தேர்வு எழுதித்தான் ஆகவேண்டும் என்கிற இந்த ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றும்.

அன்றைக்குக் காலை தர்க்கப் பகுதியைப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஒரு கேள்வியில் நின்றுவிட்டாள். பச்சைப்பிள்ளைகூடச் செய்துவிடும் என்று நினைக்கத் தோன்றும் கேள்வி.

'ஒரு தெருவின் ஒரே பக்கத்தில் ஏழு வீடுகள் வரிசையாக உள்ளன. முதல் வீடு தையல்காரருடையது. அங்கிருந்து இரண்டு வீடு தள்ளி மருத்துவர் வீடு. மருத்துவர் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளித் தச்சர் வீடு. தச்சர் வீடு எத்தனையாவது?'

கொடுத்திருந்த விடைகள் நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. சரியான விடை என்று குறித்திருந்தது ஏழு. ஆனால் மேல்வரிசைப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் ஐந்தில் போய் நின்றிருந்தார்கள். கீழ்வரிசையில் தடுமாறி இருந்தால் அவள் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிருப்பாள். இது மேலே நடந்திருக்கிறது. எழுதியவர் பெயர் திரையில் இருக்காது, குறியீடு மட்டும்தான் இருக்கும். தையல்காரர், மருத்துவர், தச்சர் என்று படித்ததுமே எழுதியது அண்ணி என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கையெழுத்துக்குப் பெயர் வேறு தேவையா.

ஐந்து எப்படி வந்தது என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. அவளும் ஏழு என்றுதான் எண்ணினாள். மறுபடி எண்ணினாள், ஏழுதான். அப்போது கதவைத் திறந்துகொண்டு பார்சல் கொண்டுவந்த ஆள் ஒருவர் உள்ளே வந்து, பெட்டியை அவள் மேஜையில் இறக்கிவைத்துவிட்டுக் கணக்குப் பிரிவு இதுதானே என்று கேட்டார். இல்லை, அது அடுத்த கதவு என்றாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "வாசல்ல அவரு ரெண்டு ரூம் தள்ளின்னு சொன்னாரும்மா. ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டுத்தான் வந்தேன். இதுதானே ரெண்டாவது?" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். நாத்தனார் வாசலுக்கு ஓடிப்போய்க் காவல்காரரைக் கேட்டாள். அவர் நிதானமாக விரலை நீட்டிக் காட்டினார். இந்த ரூம், அந்த ரூம், ரெண்டையும் தாண்டி அடுத்ததுதானே ரெண்டு ரூம் தள்ளி என்றார்.

அவளுக்குப் பொறி தட்டிவிட்டது. தையல்காரர் வீட்டை விட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினால் மருத்துவர் மூன்றாவது வீடு, தச்சர் ஐந்தாவது. நடுவில் இரண்டு வீட்டை விட்டுவிட்டு எண்ணினால் மருத்துவர் நான்காவது, தச்சர் ஏழாவது. பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டிருக்கும் ஒரு சொல் இப்படி இரண்டு பக்கமும் கால் வைத்துக்கொண்டு நிற்கிறது என்பது இத்தனை நாள் யாருக்கும் உறைக்கவில்லை. வழக்கமாகப் புதுக் கேள்விகளை முன்கூட்டியே ஒரு சிறு கூட்டத்திடம் கொடுத்துப் பார்ப்பார்கள். இந்தத் தாளில் கடைசி நிமிடத்தில் ஒரு கேள்வி கைவிடப்பட, அச்சகத்து ஆள் வாசலில் காத்து நிற்க, அண்ணி நின்ற நிலையிலேயே ஒரு கேள்வி எழுதிக் கொடுத்தார் என்பதும், அதைப் பற்றி அலுவலகமே வாயைப் பிளந்து பேசியதும் அவளுக்கு நினைவு வந்தது. அந்தக் கேள்வி இதுதான்.

இன்னொன்றும் திரையில் இருந்தது. மேல்வரிசையிலும் மேல்வரிசையான பிள்ளைகளில் கொஞ்சம் பேர் எந்த விடையையும் தொடாமல் கேள்வியை விட்டிருந்தார்கள். தப்பாக எழுதினால் மார்க் பிடிப்பார்கள், விட்டால் பூஜ்யத்தோடு போகும். கடினமான கேள்வியை இப்படி விடுவது சகஜம். இந்தப் பச்சைப்பிள்ளைக் கேள்வியை இவர்கள் எதற்காக விட்டார்கள்? விட்டவர்களின் கணக்கு இருந்த கட்டத்தையே நாத்தனார் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேலாளரிடம் கொண்டுபோக எடுத்த அச்சுப் பக்கத்தில் அந்தக் கட்டத்தைச் சேர்க்காமல் விட்டுவிட்டாள்.

ஏன் என்று அவளைக் கேட்டிருந்தால் முறைப்படி அது தேவையில்லை என்று சொல்லியிருப்பாள். அதெல்லாம் வெளிவேஷம். அந்தக் கட்டம் இல்லாமல் பார்த்தால் மேலாளர் ஐந்து, ஏழு இரண்டையும் சரியென்று எடுத்துக்கொள்ளலாம் என்பார். அது ரத்து ஆகாது, அடிக்குறிப்போடு போய்விடும். அண்ணிக்கு நாற்காலி தப்பும். விடாமல் தொட்டவர்களுக்கு மார்க் கிடைக்கும். விட்டவர்கள் கொஞ்சம் பேர்தானே. இப்படியெல்லாம் அவள் தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். மேலாளரும் அவள் நினைத்ததையே நினைத்தார். நாளைக் காலை குழுவில் வைப்போம், இரண்டு விடை கொடுத்து முடித்துவிடுவோம் என்று தட்டிக்கொடுத்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அங்கேயும் அண்ணிதான். ஒரே மாடி, ஒரே நடை. அண்ணன் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் இரண்டு வீட்டுக் கதவுகள். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அண்ணன் அன்றைக்கு அவளைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். வீட்டில் தேர்வு விஷயம் மூச்சுவிடக் கூடாது என்பது அண்ணியும் அவளும் போட்டுக்கொண்ட கறாரான ஒப்பந்தம். அதனால் அண்ணன் சொன்ன வாடிக்கையாளர் கதையைக் கேட்கிற மாதிரி அவள் உம் கொட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் சிரிக்கிற இடத்தில் சிரிக்க மறந்துபோனாள். அண்ணி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு வீடு தள்ளி இருக்கறவ, வர்றதுக்கு இவ்வளவு நேரம். வந்தும் வாயைத் திறக்கல. என்னடி?" என்றார். ஒன்றுமில்லை, தலைவலி என்றாள் நாத்தனார். ரெண்டு வீடு தள்ளி என்று அண்ணி சொன்னபோது, நடுவில் நிற்கும் அந்த இரண்டு கதவுகள்தான் அவருக்குத் தெரிகின்றன என்பது அவளுக்கு விளங்கியது. தினமும் இந்த நடையில் நடந்து நடந்துதான் அந்தச் சொல் அண்ணிக்கு ஏழாக ஆகியிருக்கிறது.

மறுநாள் குழு கூடியது. ஓய்வு பெறப்போகும் தலைவர், சட்ட ஆலோசகர், மேலாளர், கேள்விப் பிரிவின் மூத்தவர் என்கிற முறையில் அண்ணி, கணக்குகளோடு ஓரத்தில் நாத்தனார். மேலாளர் கேள்வியைத் திரையில் காட்டினார். எழுதியவர் பெயரை முடிவுக்குப் பிறகுதான் சொல்வது வழக்கம். அண்ணி கேள்வியைப் பார்த்த மாத்திரத்தில் கையைத் தூக்கிவிட்டார்.

"இது என் கேள்வி. மூடி மறைச்சு என்ன ஆகப்போகுது. நான் ஓட்டுப் போடமாட்டேன், ஆனா பேசுவேன்."

பேசவும் செய்தார். இரண்டு வீடு தள்ளி என்றால் நடுவில் இரண்டு வீடு, இதில் என்ன குழப்பம் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு போய் ஐந்தில் நிற்கிற பிள்ளைகளைப் பிடிப்பதற்காகவே ஐந்தை அங்கே வைத்ததாகவும் சொன்னார். மேலாளர் பதமாகக் கணக்கைச் சொன்னார். சட்ட ஆலோசகர் அகராதியைப் பார்க்கலாமா என்றார். அண்ணி திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு, மேஜையில் இருந்த தேநீர்க் கோப்பைகளை எல்லாம் இழுத்து ஒரே வரிசையாக அடுக்கினார். முதல் கோப்பையில் விரலை வைத்துக்கொண்டு, இதிலிருந்து இரண்டு கோப்பை தள்ளி இருப்பதை எடுங்கள் என்று தலைவரையும் சட்ட ஆலோசகரையும் பார்த்துச் சொன்னார்.

இருவரும் கையை நீட்டினார்கள். தலைவர் மூன்றாவதை எடுத்தார். சட்ட ஆலோசகர் நான்காவதை எடுத்தார். ஒருவர் கையில் இருப்பதை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அண்ணி சிரித்துவிட்டார். கஷ்டப்பட்டுச் சிரித்த சிரிப்பு இல்லை, நிஜமாகவே அவருக்கு அது வேடிக்கையாக இருந்தது. தன்னுடைய கேள்வி தன்னையே மடக்கிவிட்டதை அத்தனை ரசித்துச் சிரிக்கிற ஆளை நாத்தனார் பார்த்தது அன்றைக்குத்தான். இவ்வளவு நாள் வாயில் வைத்துக்கொண்டிருந்த சொல்லை ஒருமுறைகூடக் கடித்துப் பார்க்கவில்லையே என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். அறையில் இருந்த இறுக்கம் தளர்ந்துபோயிற்று. அப்படியானால் ஐந்தும் சரி, ஏழும் சரி, சுபம் என்று தலைவர் பேனாவை எடுத்தார். மேலாளர் நாத்தனாரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நாத்தனார் அப்போதுதான் ஒழுங்காக மூச்சு விட்டாள்.

அண்ணி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினார்.

"விட்டவங்க எத்தனை பேர்?"

"அண்ணி..." என்றாள் அவள். அலுவலகத்தில் 'மேடம்' என்பதைத் தவிர வேறு சொல் அவள் வாயில் வந்ததே இல்லை. அந்த ஒரு சொல்லிலேயே அண்ணிக்கு எல்லாம் விளங்கிவிட்டிருக்கவேண்டும். குரலை உயர்த்தாமல், அந்தக் கட்டத்தைப் போட்டுக் காட்டச் சொன்னார். நாத்தனார் திரையில் அதைத் திறந்தாள். மேலே போகப் போக விட்டவர்கள் கூடிக்கொண்டே போயிருந்தார்கள்.

கொஞ்சம் பேர்தானே என்றார் தலைவர். சட்ட ஆலோசகர் தொண்டையைச் செருமினார். ஒரு பிள்ளை எதற்காக விட்டது என்று யாருக்குத் தெரியும், நேரம் போதாமல் விட்டிருக்கலாம், தும்மல் வந்து விட்டிருக்கலாம், இதையெல்லாம் ஆதாரமாக வைக்க முடியாது என்றார். அண்ணிக்கு அதற்குப் பதில் தெரியாது. பிள்ளைகளின் விடைகள் அவர் கையில் இல்லை, நாத்தனாரிடம்தான் இருந்தன. அண்ணி எதுவும் கேட்கவும் இல்லை. அவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கோப்பைகளை மெதுவாகப் பழைய இடத்துக்கு நகர்த்தத் தொடங்கினார்.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், கூட்டம் முடிந்துவிடும். மாதக் கடைசியில் அண்ணி ஜன்னல் பக்கம் மேஜையைப் போட்டுக்கொள்வார். நாத்தனாருக்கு இது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. அதோடு, யாரென்றே தெரியாத ஏதோ ஒரு பெண், ஒரு பையன், இந்தக் கேள்வியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டு, பேனாவை வைத்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் தெரிந்தது.

"நேரம் போதாம விடல சார்" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "இது தாள்ல ஆரம்பத்துலயே வர்ற கேள்வி. இதை விட்டவங்க இதுக்கப்புறம் வந்த கஷ்டமான கேள்வியெல்லாம் செஞ்சு முடிச்சிருக்காங்க. சுலபமான கேள்வில அவங்க விட்டது இது ஒண்ணுதான். நேத்தே பார்த்தேன். அச்சுப் பக்கத்துல சேர்க்கல."

 அண்ணி தலைவர் பக்கம் திரும்பினார்.

"ரெண்டும் சரின்னு வெச்சா, யோசிக்காம ஒண்ணைத் தொட்டவனுக்கு மார்க். ரெண்டு அர்த்தத்தையும் பார்த்துட்டு, எதுன்னு தெரியாம எப்படித் தொடறதுன்னு கையை எடுத்துட்டவளுக்குப் பூஜ்யம். என் கேள்வியை என்னைவிட நல்லாப் படிச்சது அந்தப் பொண்ணுதான் சார். அவளுக்கா பூஜ்யம் போடறது?"

விட்டவர்களுக்கும் ஒரு மார்க் போட்டுவிடலாமே என்று மேலாளர் இழுத்தார். எழுதாத விடைக்கு மார்க் போட விதியில் இடம் கிடையாது என்று சட்ட ஆலோசகர் கையை விரித்தார். ஒரு மார்க்கில் என்ன குடி முழுகிவிடும் என்று தலைவர் கேட்டபோது, நாத்தனாரே பதில் சொன்னாள். கூட்டம் நெருக்கியடிக்கிற இடத்தில் ஒரு மார்க் என்றால் ஒரு தெருப் பிள்ளைகள் முழுக்க முன்னால் போய்விடுவார்கள், விட்ட பிள்ளை பின்னால் நிற்கவேண்டியதுதான். இனி ஒரு வழிதான் பாக்கி இருந்தது. கேள்வியை எடுத்துவிட்டு, அது தாளிலேயே இல்லாத மாதிரி மீதிக் கேள்விகளை வைத்து எல்லோருக்கும் ஸ்கோரைத் திரும்பப் போடுவது. அதாவது ரத்து.

தலைவர் பேனாவை மூடிவைத்தார். நல்ல மனுஷர். அண்ணியின் கையில்தான் நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று அவரும் ஆசைப்பட்டிருந்தார். "ரத்துன்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்" என்றார்.

"தெரியும் சார். மேஜையை ஜன்னல் பக்கம் போடலாம்னுகூட நினைச்சு வெச்சிருந்தேன்" என்றார் அண்ணி. ஒரு கோப்பையை நேராக்கி வைத்துவிட்டு, "எழுதிக்குங்க, ரத்து" என்றார்.

நாத்தனார் கூட்டம் முடிந்ததும் கழிவறைக்குள் போய் முகத்தைக் கழுவினாள், அழுதாள், மறுபடியும் கழுவினாள். வெளியே வந்தால் அண்ணி நடையில் நின்றுகொண்டிருந்தார். மன்னிச்சிடுங்க என்று ஆரம்பித்தவளை அவர் பேசவிடவில்லை. அப்படி ஒரு கோபத்தை அவள் அண்ணியிடம் பார்த்ததில்லை. நாற்காலி போனதற்கான கோபம் இல்லை அது.

"நீ எனக்காகத்தான் மறைச்சேன்னு தெரியும். அதுதான் எனக்குத் தாங்கல. என் கேள்வியை நீ திருத்துவேங்கற தைரியத்துலதான் நான் எழுதறேன். நீயே எனக்கு மார்க்கைக் கூட்டிப் போட்டா நான் யார்கிட்டப் போய் நிக்கறது?"

 இத்தனை வருஷமாக அண்ணியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அண்ணியும் தன்னை நம்பிக்கொண்டுதான் மேலே உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. இனிமேல் மறைக்கமாட்டேன் என்றாள். அண்ணி அவளை முறைத்துப் பார்த்துவிட்டு, கைக்குட்டையை எடுத்து அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த ஈரத்தை அழுத்தித் துடைத்தார். கொஞ்சம் வலிக்கவே செய்தது.

கீழ்த்தளத்தில் கேள்வியை எடுத்துவிட்டு ஸ்கோரைத் திரும்ப ஓட்டினார்கள். முடிவுகள் ஓரிரு நாள் தாமதமாக வெளிவந்தன. கேள்வி ரத்தானது குறித்துச் செய்தி வந்தது, அலுவலகத்தைத் திட்டி நாலு பேர் எழுதினார்கள், கல்யாணத்தில் ஒரு சித்தப்பா அவளை மறுபடி மடக்கினார். கேள்விக்குழுவுக்கு இன்னொருவர் தலைவரானார். நல்லவர்தான், கேள்வியும் பிழையில்லாமல் எழுதுவார், ஆனால் அவர் கேள்விகளில் ரயில்கள் எதிரெதிரே வரும்.

அவர் பொறுப்பேற்ற அன்றைக்குக் காலையில் அண்ணி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் ஒரு பூங்கொத்தோடு கீழ்த்தளத்துக்கு வந்தார். நாத்தனார் எழுந்து நின்றாள். அண்ணி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தினார்.

"அந்தக் கேள்வியை விட்ட பிள்ளைங்க" என்றார். "மேல வந்தாங்களா?"

"வந்தாங்க அண்ணி."

"எவ்வளவு?"

பொய் சொல்லக் கூடாது என்று நாத்தனார் நினைத்தாள். பெரிதாகச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை.

"கொஞ்சம்தான். ஆளுக்குக் கொஞ்சம்."

அண்ணி தலையை ஆட்டினார். பூங்கொத்தில் மடங்கியிருந்த ஒரு பூவை நிமிர்த்திவிட்டார். "வந்தாங்க இல்ல" என்று சொல்லிவிட்டு, புதுத் தலைவரை வாழ்த்துவதற்கு மாடிப்படி ஏறிப் போனார்.